லிபி மாற்றமும் இன உணர்வும்: ஆரணிச் சௌராஷ்டிரரை முன்வைத்து

ஒரு சமூகம் தன் தாய்மொழியை எந்த எழுத்தில் எழுதுகிறது என்பது, மேலோட்டமாக நோக்குவோர்க்குப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையோடு முடிந்துவிடும் சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆயினும், பல மொழியினர் ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே தொழிலைச் செய்து, ஒரே சந்தையில் கொண்டும் கொடுத்தும் வாழும் எல்லைப்புறப் பிரதேசங்களின் சரித்திரத்தைப் பொறுமையோடு ஆராய்பவர்க்கு, லிபியைப் பற்றி எழுந்த வாதங்களுள் பெரும்பாலானவை, 'நாம் யார், எங்கிருந்து வந்தோம், யாரோடு சேர்ந்தவர்கள்' என்ற வினாக்களுக்கு விடை தேடும் முயற்சிகளே என்பது தெளிவாகப் புலப்படும். இதற்கு உதாரணம் தேடி நாம் தொலைதூர தேசங்களுக்குச் செல்ல வேண்டியதில்லை. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி நகரத்துத் தெருக்களிலேயே இப்பிரச்சினை நம் முன் நிற்கிறது. தமிழகத்துச் சௌராஷ்டிரர் தம் மொழியைத் தெலுங்கு, சௌராஷ்டிரம், தேவநாகரி, தமிழ், ரோமன் என ஐந்து எழுத்துகளில் எழுதிப் பார்த்திருக்கின்றனர். இம்மாற்றங்கள் எக்காரணங்களால் நிகழ்ந்தன, அவை அச்சமூகத்தின் தன்னுணர்வை எவ்வாறு தொட்டன, இனி மேற்கொள்ளத்தக்க வழி யாது என்பவற்றைத் தொகுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆரணியும் அதன் மக்களும்

கமண்டல நாக நதியின் கரையில் அமைந்த ஆரணி, இன்று திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், 1989 வரை பழைய வட ஆர்க்காட்டு ஜில்லாவின் பகுதியாகவே இருந்தது. அந்த ஜில்லாவோ தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கிய நிலம். 1911-ல் அதிலிருந்து சித்தூர்ப் பகுதி தனி ஜில்லாவாகப் பிரிக்கப்பட்டதும், மொழிவாரி ராஜ்யங்கள் தோன்றியபின் சித்தூர் ஆந்திரத்தைச் சேர்ந்ததும், நெடிய கிளர்ச்சிக்குப் பிறகு 1960-ல் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு இணைக்கப்பட்டதும் நாம் அறிந்தவையே. ஆட்சியாளர் வகுத்த எல்லைக்கோடு இவ்வாறு பலமுறை இடம் மாறியபோதும், தறிகளும் வயல்களும் கோயில்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களும் ஒருவர் மொழியை மற்றவர் கற்றுக்கொண்டு வாழ்ந்து வந்தனர்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 63,000 பேருக்குச் சற்று மேற்பட்ட ஜனத்தொகை கொண்ட இந்நகரத்தின் கடந்தகாலத்தில் எத்தனை எழுத்துகள் புழங்கின என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பே மேலிடும். 17-ஆம் நூற்றாண்டில் மராத்தியத் தலைவர் ஷாஹாஜியின் காலத்தில் வேதாஜி பாஸ்கர பந்த் பெற்ற ஆரணி ஜாகீர், மராத்தி பேசிய குடும்பத்தின் ஆளுகையில் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. மராத்தியர் தம் ராஜாங்கக் கணக்குகளை எழுதிய மோடி லிபி, தஞ்சைச் சரசுவதி மகாலின் ஆவணக் கட்டுகளிலே இன்றும் காணக் கிடைக்கிறது. அருகிலிருந்த ஆர்க்காட்டு நவாபுகளின் தர்பாரில் பாரசீகம் கோலோச்சியது. அதன் வழிவந்த உருது இன்றும் இவ்வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களில் வழங்குகிறது. ஆரணிக்கும் போளூருக்கும் இடைப்பட்ட திருமலையில், 16 மீட்டர் உயரமுள்ள நேமிநாதர் சிலையைத் தாங்கிய குன்றிலே, முதலாம் இராசேந்திர சோழனின் வெற்றிகளைக் கூறும் தமிழ்க் கல்வெட்டும், அதியமான் மரபினனாகிய விடுகாதழகிய பெருமாள் அங்குள்ள திருமேனிகளைச் சீர்செய்த செய்தியை வடமொழியிலும் தமிழிலும் உரைக்கும் சாசனமும் இருக்கின்றன. அவ்வட்டாரத்துத் தமிழ்ச் சமணர், தமிழெழுத்தோடு கிரந்தத்தையும் கலந்து மணிப்பிரவாள நடையில் தம் புராணங்களை ஓலையில் எழுதிக் காத்தவர்கள். இத்தகைய மண்ணிலேதான் செங்குந்தர் முதலிய தமிழ் நெசவாளரோடு, வீட்டில் வேறு மொழி பேசும் நெசவாளரும் குடியேறித் தறி பூட்டினர். சௌராஷ்டிரர் அவருள் ஒரு சாரார்.

சௌராஷ்டிரரும் அவர் மொழியும்

பட்டுநூல்காரர் என்று பழைய ஆவணங்கள் குறிப்பிடும் சௌராஷ்டிரர், தம் பூர்விகம் கூர்ஜர தேசத்துத் தென்பகுதி என்று மரபாகக் கூறிவருகின்றனர். தென் குஜராத்தாகிய லாட தேசத்திலிருந்து, இன்று மந்தசோர் எனப்படும் தசபுரத்துக்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழுவொன்று, கி.பி. 437-ல் ஒரு சூரியன் கோயிலைக் கட்டி, 473-ல் அதைப் புதுப்பித்த வரலாற்றை, வத்ஸபட்டி என்னும் கவி இயற்றிய மந்தசோர் கல்வெட்டு கூறுகிறது. அக்குழுவினருக்கும் இன்றைய சௌராஷ்டிரருக்கும் நேரான வம்சத் தொடர்பு உண்டென்று சாதிப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையேனும், பட்டு நெய்வோர் ஆதரவு தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் வழக்கம் நம் நாட்டில் எத்துணைப் பழமையானது என்பதற்கு அது சிறந்த சாட்சியாகும். விஜயநகரத்தின் வழியாகத் தெற்கே வந்த இம்மக்கள், மதுரை, பரமக்குடி, சேலம், கும்பகோணம், அய்யம்பேட்டை, காஞ்சிபுரம், வாலாஜாபேட்டை, ஆரணி என அரசரும் கோயில்களும் பட்டுக்குக் கிராக்கி உண்டாக்கிய ஊர்களிலெல்லாம் தங்கினர்.

இவ்வழிப்பயணத்தின் தடங்கள் அவர்கள் மொழியில் படிந்திருக்கின்றன. அடிப்படையில் அது இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. கிரியர்சன் தம் இந்திய மொழிகளின் அளவைப் பணியில் அதைக் குஜராத்தியின் பிரிவாகச் சேர்த்தார். பின்னர், லண்டன் இந்தியா ஆபீஸ் நூலகராக இருந்த ராண்டில் 1940-களில் அதனைத் தனியே ஆராய்ந்தார். மராத்தியின் சாயலும், தெலுங்கிலிருந்து பெற்ற எண்ணற்ற சொற்களும், தமிழின் வாக்கியப் போக்கும் அதில் ஒன்றாய்க் கலந்துள்ளன. வடநாட்டு மொழிகளில் பெரும்பாலும் எழுத்தில் வேறுபடுத்தப்படாத குறில் எகரமும் குறில் ஒகரமும் இதில் நெடிலினின்றும் பிரிந்து ஒலிக்கின்றன. நகர, மகர, ரகர, லகரங்களை மூச்சொலியோடு சேர்த்து உச்சரிக்கும் வழக்கமும் உண்டு. ஆகவே இம்மொழியை எழுத விரும்பும் எந்த லிபியும் வடக்கின் வர்க்க எழுத்துகளையும் தெற்கின் குறில்களையும் ஒருங்கே ஏந்தியாக வேண்டும் என்னும் இக்கட்டு தொடக்கத்திலேயே ஏற்பட்டுவிட்டது.

ஐந்து எழுத்துகளின் கதை

முதலில் பரவலாக வழங்கியது தெலுங்கு. விஜயநகரத்தின் கீழும் நாயக்கரின் கீழும் தெலுங்கு ராஜாங்க மொழியாகவும், அதன்பின் நெடுங்காலம் சங்கீதத்தின் மொழியாகவும் மதிக்கப்பட்ட காலத்தில், கற்றறிந்த சௌராஷ்டிரர் அதனையே கல்வியின் வாயிலாகக் கொண்டது இயல்பே. ஆரணிக்கு வடக்கேயுள்ள வாலாஜாபேட்டையில் வாழ்ந்த வேங்கடரமண பாகவதர் (1781–1874), தியாகராஜ சுவாமிகளின் அணுக்கச் சீடராகி, அவர் பாடிய தெலுங்குக் கீர்த்தனங்களை ஏட்டில் எழுதிப் பாதுகாத்த சௌராஷ்டிரர். வாலாஜாபேட்டைச் சுவடிகள் என்று இசையுலகம் போற்றும் அவ்வேடுகள் மதுரைச் சௌராஷ்டிர சபையில் வைக்கப்பட்டன. வேங்கடசூரி சுவாமிகள் சௌராஷ்டிரத்தில் இயற்றிய சங்கீத ராமாயணமும் தெலுங்கு லிபியிலேயே அச்சேறியது. தம் மொழியை வேற்றெழுத்தில் எழுதுவதால் தமக்குக் குறை உண்டாகும் என்று அக்காலத்தவர் கருதியதாகத் தெரியவில்லை.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மனநிலை மாறியது. அச்சுக்கூடம், ஆங்கிலக் கல்வி, ஜனத்தொகைக் கணக்கு, ஜாதி வரிசையைப் பற்றிய சர்ச்சை ஆகிய நான்கும் ஒருங்கே வந்து, ஒவ்வொரு சமூகமும் தனக்கென ஒரு சரித்திரத்தையும் இலக்கியத்தையும் காட்டியாக வேண்டும் என்ற நிலையை உண்டாக்கின. அந்தக் காலத்தில் தோன்றிய டி. எம். ராம ராய், பழைய சௌராஷ்டிர எழுத்துகளைச் சீர்திருத்தி, அவற்றுக்கு அச்சு வார்த்து, பாலபாடங்களும் இலக்கணமும் நிகண்டும் வெளியிட்டார். ஒரு தனிமனிதர் தம் வாழ்நாளை ஒரு லிபிக்கே ஒப்புக்கொடுத்த இம்முயற்சி, தமிழகத்தின் அச்சு வரலாற்றில் இன்னும் தக்க இடம் பெறாதிருப்பது வருந்தத்தக்கது.

அந்த லிபியைச் சற்று நெருங்கி நோக்குதல் தகும். உயிர்களுள் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் தனித்தனி வடிவு பெற்றுள்ளன. மெய்களின் வரிசையில் வடமொழியின் ஐந்து வர்க்கங்களோடு ளகரமும் இடம்பெறுகிறது. கூட்டெழுத்துகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் வழக்கத்தை விடுத்து, தமிழில் புள்ளியிடுவதைப் போலவே, உயிர் நீங்கிய மெய்க்கு ஒரு குறி இடப்படுகிறது. மூச்சொலி சேர்ந்த நகர மகரங்களைக் காட்டுவதற்கு 'ஹாரு' என்னும் தனிக்குறி உள்ளது. இந்திய லிபிகளுள் இதற்கு நிகரானதைக் காண்பது அரிது. உயிர்க்குறிகளெல்லாம் மெய்க்கு வலப்புறத்திலேயே நிற்பதால், நம் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னே வருவதனால் குழந்தைகள் படும் தடுமாற்றம் அதில் இல்லை. வடக்கிலிருந்து கொணர்ந்த ஒலிகளையும் தெற்கில் பெற்ற ஒலிகளையும் ஒரே நெடுங்கணக்கில் அமைத்துக் காட்டும் இந்த லிபியிலேயே அம்மக்களின் யாத்திரை முழுவதும் பதிவாகியிருக்கிறது எனலாம்.

இவ்வளவு பொருத்தமான லிபி ஏன் நிலைபெறவில்லை? முதற்காரணம், அதைக் கற்றவனுக்கு அதனால் வேலையோ வியாபாரமோ கைகூடவில்லை. இரண்டாவது, பத்துப் பன்னிரண்டு ஊர்களில் சிதறிக் கிடந்த சிறு சமூகத்துக்காக அச்செழுத்து வார்த்து நூல் வெளியிடும் செலவைத் தாங்குவோர் இல்லை. மூன்றாவது, சமூகத்தின் தலைவர்களே ஒருமனப்படவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வடமொழிப் பற்றும் தேசிய இயக்கமும் ஓங்கியிருந்த நாட்களில், தேவநாகரியை ஏற்றால் சௌராஷ்டிரர் ஆரிய மொழிகளின் பெருங்குடும்பத்தோடு இணைவர், இந்தியா முழுவதும் தம் நூல்களைப் படிக்கும் என்ற அபிப்பிராயம் அவருள் பலரைக் கவர்ந்தது. தேவநாகரியில் குறில் எகர ஒகரங்களுக்கு இடமில்லை என்ற இடையூறு இருந்தபோதிலும், அதைச் சில புதுக்குறிகளால் நிரப்பிவிடலாம் என்று அவர்கள் நம்பினர். ஆனால் தறியில் அமர்ந்திருந்தவனுக்கு ராம ராயின் எழுத்தும் தெரியாது, தேவநாகரியும் தெரியாது. இரண்டில் எது சிறந்தது என்ற விவாதம் அவன் தலைக்கு மேலேயே நடந்து முடிந்தது.

அவன் அறிந்தது தமிழ். கடைப்பலகையும், கூட்டுறவுச் சங்கத்தின் பற்றுவரவும், ரேஷன் அட்டையும், சினிமாப் பாட்டுப் புத்தகமும் அவனுக்குத் தமிழிலேயே கிடைத்தன. ஆகையால் நடனகோபால நாயகி சுவாமிகளின் (1843–1914) சௌராஷ்டிரக் கீர்த்தனைகளை அவன் தமிழெழுத்திலேயே படித்துப் பாடினான். வடமொழித் தோத்திரங்களைத் தமிழில் அச்சிடுவோர் கையாண்ட உத்தி இங்கும் பயன்பட்டது: பகரத்தை வெறுமனே எழுதினால் ஓர் ஒலி, அதன் தோளில் 2, 3, 4 என்று எண்ணிட்டால் முறையே மற்ற மூன்று ஒலிகள், மூச்சொலி சேர்ந்த மகரத்துக்கும் நகரத்துக்கும் பக்கத்தில் இரு புள்ளிகள். அழகில் குறைந்ததெனினும் இம்முறை வேலைக்கு ஆயிற்று. தமிழறிந்த சௌராஷ்டிரச் சிறுவன் அரைநாளில் இதைக் கற்றுக்கொண்டு தன் பாட்டியின் பாடலைப் படித்துவிட முடியும் என்னும்போது, அதன் பயனை மறுப்பதற்கில்லை.

ஐந்தாவதாக வந்தது ரோமன் எழுத்து. கைபேசியில் செய்தி அனுப்பும் இன்றைய இளைஞர், தமிழை எழுதுவதைப் போலவே சௌராஷ்டிரத்தையும் ஆங்கில எழுத்துகளில் தட்டிவிடுகின்றனர். இதற்கிடையே 2008-ல் யூனிகோடு 5.1 பதிப்பில் சௌராஷ்டிர லிபிக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. ராம ராய் அச்சு வார்ப்பதற்குப் பட்ட சிரமம் இனி யாருக்கும் இல்லை. அந்த எழுத்தைப் படிக்கக்கூடியவர்கள்தாம் மிகச் சிலராய்விட்டனர்.

பிற தேசங்களும் பிற மொழிகளும்

லிபி மாற்றம் சிறுபான்மையோர்க்கு மட்டும் நேர்வதன்று. பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் வட்டெழுத்தில் எழுதப்பட்ட தமிழ், சோழரின் ஆதிக்கம் தெற்கே பரவியபின், 11-ஆம் நூற்றாண்டிலிருந்து பாண்டிய நாட்டில் இன்றைய தமிழெழுத்துக்கு மாறியது. அதனால் பாண்டியர் தமிழர் அல்லாதாராகிவிடவில்லை; ஆனால் தம் முன்னோர் வெட்டிய கல்லைத் தாமே படிக்க இயலாதவராயினர். நம் காலத்திலும், பெரியார் 1935 முதல் தம் பத்திரிகைகளில் கையாண்ட சீர்திருத்தங்களுள் சிலவற்றை 1978-ல் தமிழக அரசு ஆணையால் ஏற்றபோது, ணை, லை, னை போன்ற எழுத்துகளின் வடிவம் ஒரே தலைமுறையில் மாறி நிலைத்தது. பள்ளிப் புத்தகமும் செய்தித்தாளும் சேர்ந்து மாறினால் லிபி மாற்றம் இடரின்றி நிகழும் என்பதை இது காட்டுகிறது.

இதற்கு மாறாக, ராஜாங்கம் தன் நோக்கத்துக்காக எழுத்தை மாற்றும்போது விளைவது வேறு. அஜர்பைஜானியர் ஒரே நூற்றாண்டுக்குள் அரபு எழுத்திலிருந்து ரோமனுக்கும், 1939–40-ல் ரோமனிலிருந்து ருஷ்ய எழுத்துக்கும், சோவியத் ஆட்சி சிதைந்த 1991-ல் மீண்டும் ரோமனுக்கும் மாறினர். பாட்டன் எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க முடியாத அவலம் அங்கே வீடுதோறும் நேர்ந்தது. மால்டேவியாவில் 1989 ஆகஸ்டு 31-ஆம் நாள் ருஷ்ய எழுத்தை நீக்கி ரோமனை ஏற்றதே சுதந்திர உணர்ச்சியின் முதற்குரலாயிற்று. அதனை ஏற்காத திரான்ஸ்னீஸ்திரியப் பகுதி இன்றும் பழைய எழுத்தையே பற்றி நிற்கிறது. எல்லைப்புற மக்களிடம் எழுத்து, கொடியைப் போல் உயர்த்திப் பிடிக்கும் பொருளாகிவிடுவதை இவ்விரு தேசங்களிலும் காண்கிறோம்.

நம் நாட்டிலும் சான்றுகள் உண்டு. வங்காளம், ஒரிசா, பீகார் என்று பல மாகாணங்களில் சிதறி, அங்கங்கே வழங்கிய எழுத்துகளில் எழுதப்பட்டு வந்த சந்தாலி மொழிக்கு 1925-ல் ரகுநாத் முர்மூ ஒல் சிக்கி என்ற புது லிபியைப் படைத்தார். அது அம்மக்களை மாகாண எல்லைகளைக் கடந்து இணைக்கும் கயிறாகி, 2003-ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தால் சந்தாலி எட்டாம் அட்டவணையில் இடம்பெறும் வரை துணைநின்றது. மணிப்புரத்தில் வங்க எழுத்தை அகற்றி மெய்தெய் லிபியை மீட்க எழுந்த கிளர்ச்சி, 2005-ல் இம்பாலின் மத்திய நூலகத்தைத் தீக்கிரையாக்கும் அளவுக்குச் சென்றது. ஓர் எழுத்தின் பெயரால் ஆயிரக்கணக்கான ஏடுகளும் நூல்களும் அழிந்தது பெருந்துயரம். கோவாவில் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கொங்கணியைத் தேவநாகரியோடு பிணைத்தபோது, பல தலைமுறைகளாக ரோமன் எழுத்தில் எழுதிவந்த கத்தோலிக்கக் கொங்கணியர், தம் மொழிக்குக் கிடைத்த மரியாதையில் தமக்குப் பங்கில்லையென்று மனம் புழுங்கினர். அந்த மனக்குறை இன்றும் தீரவில்லை.

இவ்வுதாரணங்களிலிருந்து ஒரு தெளிவு பிறக்கிறது. பள்ளியையும் அச்சுக்கூடத்தையும் கூடவே கொண்டுவந்த லிபி நிலைத்தது. பல எழுத்துகளில் வழங்கிய மொழிக்கு ஒரே எழுத்தைச் சட்டத்தால் விதித்தவிடத்துச் சமூகம் பிளந்தது. லிபிக்காகப் பழைய ஏடுகளை அலட்சியம் செய்தவிடத்துச் சரித்திரமே அறுந்தது.

எழுத்தா, இனமா?

சௌராஷ்டிரர் விஷயத்தில் அறிஞர் கூறும் அபிப்பிராயங்களை மூன்று பக்கங்களாக வகுக்கலாம். தனி லிபி இல்லாத மொழி காலப்போக்கில் கிளைமொழியென்று தள்ளப்படும், ஆகவே சௌராஷ்டிர எழுத்தை மீட்பதே முதற்கடமை என்பது ஒன்று. சிறு சமூகம் தனி எழுத்தைக் காக்கும் வலிமையற்றது, ஆகவே பேரெழுத்தாகிய தேவநாகரியைச் சார்தல் வேண்டும் என்பது மற்றொன்று. வாழும் நாட்டின் எழுத்தே வாழும் மொழிக்கு உகந்தது, தமிழெழுத்தே போதும் என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மையின் கூறு உண்டு. ஆனால் மூன்றும், எழுத்தைத் தீர்மானித்துவிட்டால் மொழியும் இனமும் தாமே நிலைக்கும் என்னும் ஒரே அநுமானத்தின்மேல் நிற்கின்றன. அந்த அநுமானமே பரிசோதனைக்குரியது.

ஜனத்தொகைக் கணக்குகளை நோக்குவோம். சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகப் பதிந்தோர் 2001-ல் 1,85,420 பேர். 2011-ல் 2,47,702 பேர். அப்பத்தாண்டில் தமிழ்நாட்டின் ஜனத்தொகை ஏறத்தாழ 15.6 சதவீதமே பெருகியிருக்க, இவ்வெண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு உயர்ந்திருக்கிறது. இவ்வேற்றம் முழுவதையும் பிறப்பினால் விளைந்ததாகக் கொள்வது அரிது. தம் மொழியைக் கணக்கில் எழுதிக் கொடுக்கும் விருப்பம் வலுத்திருக்கிறது என்று கொள்வதே பொருத்தமாகும். அதாவது, தனி எழுத்தை அறிந்தோர் அருகிப்போன காலத்திலேயே 'நான் சௌராஷ்டிரன்' என்று பதிந்தோர் பெருகினர். லிபி நழுவியதால் இன உணர்வு நழுவிவிடவில்லை.

மறுபுறத்தில், தமிழெழுத்தையும் தமிழிலக்கியத்தையும் தழுவியதால் அவர்கள் தம்மை இழந்தனர் என்றும் சொல்ல முடியாது. கும்பகோணத்துச் சௌராஷ்டிரராகிய எம். வி. வெங்கட்ராம் (1920–2000), சரிகை வியாபாரத்தின் இடர்களுக்கிடையே தமிழில் எழுதி, 'காதுகள்' நாவலுக்காக 1993-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவருடைய 'வேள்வித் தீ', தம் சமூகத்து நெசவாளரின் வாழ்வைத் தமிழர் அனைவருக்கும் உரிய இலக்கியமாக்கியது. மதுரைச் சௌராஷ்டிரராகிய டி. எம். சௌந்தரராஜனின் குரல், இரண்டு தலைமுறைத் தமிழரின் பக்தியையும் காதலையும் வீரத்தையும் சுமந்தது. இவர்கள் எவரும் வீட்டில் தாய்மொழியைத் துறக்கவில்லை. ஒரு மனிதன் ஒரே சமயத்தில் இரண்டு மொழிகளுக்கு உரியவனாக, இரண்டிலும் உண்மையுள்ளவனாக வாழ முடியும் என்பதற்கு இவர்களைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

பூர்விகத்தின் அழைப்பும் இடையிடையே வருகிறது. 2023 ஏப்ரலில் குஜராத்தில் நடைபெற்ற சௌராஷ்டிரத் தமிழ்ச் சங்கமத்துக்கு மத்திய அரசு தமிழகத்துச் சௌராஷ்டிரரை விருந்தினராக அழைத்துச் சென்றது. முன்னோர் நிலத்தைக் காணும் ஆவல் இயற்கையானது. அதைக் குறைகூற இடமில்லை. ஆயினும் குஜராத்தி எழுத்து ஆரணிச் சௌராஷ்டிரருக்கு அந்நிய எழுத்தே. சூரத்திலிருந்து ஆரணிக்குச் சரிகை வருகிறது. கர்நாடகத்திலிருந்து பட்டு நூல் வருகிறது. எழுத்து மட்டும் இந்த மண்ணிலேயே, தமிழ்ப் பள்ளியிலேயே கிடைத்தது. பூர்விகத்தைக் கொண்டாடுவதற்காக வாழும் உறவை மறைக்க வேண்டியதில்லை. வாழும் உறவை நிரூபிப்பதற்காகப் பூர்விகத்தை மறக்க வேண்டியதும் இல்லை.

உண்மையான அபாயம்

அப்படியாயின் இம்மொழிக்கு ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. அது வேறு திசையிலிருந்து வருகிறது. இம்மொழியை இதுகாறும் காத்தது எழுத்தைவிட வீட்டுத்தறியே. குழித்தறியில் தந்தை நாடா எறிய, மகன் கோர்வை பிடிக்க, தாயும் பாட்டியும் நூல் சுற்ற, குடும்பம் முழுவதும் நாள் முழுவதும் ஒரே கூரையின் கீழ் பேசிக்கொண்டே உழைத்தது. பாவு அறுந்தால் இழை பிணைக்கச் சொல்வதும், அச்சும் விழுதும் சரியாக அமைந்தனவா என்று கேட்பதும், குழந்தையை அதட்டுவதும் தாய்மொழியிலேயே நிகழ்ந்தன. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றுப் புகழடைந்திருக்கும் இக்காலத்தில், கூலி போதாமையாலும் விசைத்தறியின் போட்டியாலும், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் தறியை விட்டு வேறு வேலை தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகின்றனர். அதைத் தவறென்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் வீட்டுத்தறி ஓய்ந்தால், அதனோடு நாள் முழுவதும் நடந்துவந்த மொழிப்பயிற்சியும் ஓய்ந்துவிடும். அவ்விடத்தை நிரப்புவதற்குப் பள்ளியோ பத்திரிகையோ இல்லை.

சட்டத்தின் நிலைமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியபோது, தெலுங்கு, உருது, கன்னட, மலையாளச் சிறுபான்மையினர் தம் பாடங்களின் நிலையைப் பற்றிக் குரலெழுப்பினர். அவர்களுக்கு இழப்பதற்குப் பள்ளிகளேனும் இருந்தன. சௌராஷ்டிரச் சிறுவரோ முன்பே தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். அவர்கள் தாய்மொழிக்கு வகுப்பறையில் பெரும்பாலும் நேரம் ஒதுக்கப்படவில்லை. சாகித்திய அகாதெமி தன் பாஷா சம்மான் விருதைச் சௌராஷ்டிர எழுத்துக்கும் வழங்கியது போற்றத்தக்கது. எழுதுவோரைக் கௌரவித்தபின், படிப்போரை உண்டாக்குவதல்லவா அடுத்த கடமை?

மேற்கொள்ளத்தக்க வழி

இதுவரை ஆராய்ந்தவற்றால் நாம் துணிவது, எந்த லிபி என்னும் வழக்கு ஒரு நூற்றாண்டுக் காலம் சமூகத்தின் சக்தியை உறிஞ்சிவிட்டது; கற்பிக்கும் ஏற்பாடு என்னும் முதன்மையான காரியம் அதனால் பின்தங்கிவிட்டது என்பதே. ஆகவே லிபிகளுக்கிடையே போட்டி வைப்பதை விட்டு, அவற்றுக்கு வேலை பங்கிட்டுக் கொடுப்பதே விவேகம். அன்றாட எழுத்துக்கும், குழந்தைகளின் கதைக்கும், பாட்டுக்கும், பத்திரிகைக்கும் எண்ணிட்ட தமிழெழுத்து போதும். அது எல்லோர் கைக்கும் எட்டுவது. சௌராஷ்டிர லிபியை ஒவ்வொரு தலைமுறையிலும் நூற்றுவரேனும் பிழையறக் கற்க வேண்டும். அன்றேல் ராம ராய் விட்டுச்சென்ற நூல்கள், வட்டெழுத்துக் கல்லைப் போல, சந்ததியார்க்கு ஊமையாகிவிடும். ஒரு பக்கத்தில் தனி லிபியும் எதிர்ப்பக்கத்தில் தமிழெழுத்தும் அமைந்த பதிப்புகள் வெளிவந்தால், ஒன்றை அறிந்தவர் மற்றதைத் தாமே கற்றுக்கொள்வர். தேவநாகரியை விரும்புவோர் தடையின்றி எழுதட்டும். கோவாவில் நேர்ந்ததைப்போல எவர் எழுத்தையும் புறக்கணிக்கும் தீர்மானம் மட்டும் வேண்டாம்.

இதில் தமிழருக்கும் ஒரு கடமை உண்டு. 2010-ல் கிரந்த எழுத்தை யூனிகோடில் ஏற்றும் யோசனைகள் எழுந்தபோது, தமிழ் எழுத்துகளின் தூய்மைக்குப் பங்கம் வருமோ என்று தமிழகம் கொதித்தெழுந்தது. இறுதியில் 2014-ல் கிரந்தம் தனக்குரிய தனி இடத்தைப் பெற்றது. தமிழின் நெடுங்கணக்கில் வேற்றெழுத்து கலவாமல் காக்கும் அந்த விழிப்பு நியாயமானதே. ஆனால் நம்மோடு நானூறு ஐந்நூறு ஆண்டுகள் வாழ்ந்து, நம் கோயில்களுக்குப் பட்டு நெய்து, நம் இலக்கியத்தையும் இசையையும் வளர்த்த ஒரு சமூகம், தன் தாய்மொழியை நம் எழுத்தில் எழுத விரும்பி அதன் தோளில் ஒரு சிறு எண்ணை இடுமானால், அதனால் தமிழுக்குக் குறைவு நேராது. ஒரு மொழியின் எழுத்தை அண்டை மொழியினர் விரும்பி ஏற்பது அந்த எழுத்துக்குக் கிடைக்கும் பெருமையே ஆகும்.

காரியம் பெரிதன்று. ஆரணியில் சனி ஞாயிறு மாலைகளில் இரண்டு மணி நேர வகுப்பு. அதற்கு முதியோர் இருவர் ஆசிரியர். நகரத்துப் பொது நூலகத்தில் சௌராஷ்டிர நூல்களுக்கு ஓர் அலமாரி. பாட்டிமாரின் கதைகளையும் தாலாட்டுகளையும் தறித்தொழிற் சொற்களையும் ஒலிப்பதிவு செய்து எழுதிவைக்கும் இளைஞர் குழு ஒன்று: இவ்வளவே தொடக்கத்துக்குப் போதும். இப்பணியில் செங்குந்தர் வீட்டுப் பிள்ளையும் உருது பேசும் வீட்டுப் பிள்ளையும் கூட வந்து அமர்ந்தால் இன்னும் நன்று; அண்டை வீட்டாரின் மொழியைக் கற்றவனுக்கு அவர்கள் அந்நியராவதில்லை. மொழிவாரி எல்லைகள் நிலைபெற்றுவிட்ட இந்நாளில், பல மொழிகள் கூடி வாழும் நகரங்களின் பழைய பண்பைக் காப்பது அரசாங்கத்தால் மட்டும் ஆவதன்று. அது வீட்டிலே பெற்றோர் பிள்ளையோடு எம்மொழியில் பேசுகின்றனர் என்பதில் தொடங்கி, ஊரார் அம்மொழியை எவ்வளவு மதிக்கின்றனர் என்பதில் உறுதிப்படும். சௌராஷ்டிரம் எவ்வெழுத்தில் எழுதப்பட்டாலும், அதைப் படிக்கும் ஒரு சிறுவனும் சிறுமியும் ஆண்டுதோறும் ஆரணியில் புதிதாக உருவாகும் வரை, அம்மொழிக்கும் அதைப் பேசும் மக்களின் தன்னுணர்வுக்கும் அழிவில்லை. அவர்களை உருவாக்கும் பொறுப்பு இத்தலைமுறையினராகிய நம்முடையது.